கசிந்த கண்டன்சரும் மேல் ஸ்தாயி சட்ஜமும்

டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று பேச்செடுத்தாலே பத்தில் எட்டுப் பேர் "அதோட இதமே தனி" என்பார்கள். அந்த வார்த்தையோடு எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. நல்ல வால்வு ஆம்ப் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பதே என் கட்சி. அந்தக் காலத்தில் அதை வடிவமைத்தவர்களும் இதையேதான் விரும்பினார்கள். இங்கிலாந்தில் ஹெச்.ஜே. லீக் 1945-ல் தன் ஆம்ப்ளிஃபயருக்கு 'பாயின்ட் ஒன்' என்று பெயர் வைத்தார். டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தில் சேரும் கோணல், 0.1 சதவீதம்தான் என்பதை ஊருக்குச் சொல்லவே அந்தப் பெயர். 1947 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட சர்க்யூட்டின் இலக்கும் அதுதான். குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர், அசல் சத்தத்துக்கு மிக அருகில் போவதே தங்கள் வேலை என்று விளம்பரமே செய்தார். இவர்களில் யாரும் சத்தத்தில் தேன் தடவ உட்காரவில்லை. அப்படியிருக்க, எல்லோரும் சொல்லும் இந்த இதம் எங்கிருந்து வருகிறது? காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டு செட்டைச் சரி செய்து கொடுக்கும் வரை இந்தக் கேள்வியை நான் கையில் எடுத்ததே இல்லை. "மக்கள் சும்மா சொல்கிறார்கள்" என்று தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆச்சியின் பேரன் சென்னையில் இருக்கிறார். அவர்தான் முதலில் போன் செய்தார். பங்காளிகள் எல்லோரும் கூடி வீட்டைப் பற்றி ஏதோ முடிவெடுக்கும் நேரம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து, மற்ற சாமான்களோடு இந்த செட்டுக்கும் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆச்சி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் போன அன்று என்னிடமும் அதையே சொன்னார்: "கதவைக் கொடுத்தாச்சு, தூணைக் கொடுத்தாச்சு, இதையும் கொடுக்கணுமாக்கும்? அவுக பினாங்குல இருந்து வர்றப்ப ரஜூலா கப்பல்ல மடியில வச்சுக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்தது தம்பி." அந்தத் தெருவில் திரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு செட் அங்கே முழுசாகப் போய் முழுசாகவே விற்பது அபூர்வம். வால்வுகளைப் பிடுங்கித் தனியாக விற்பார்கள். தேக்குப் பெட்டி யாரோ ஒருவருடைய ஓட்டலுக்கு அலங்காரமாகப் போகும். டிரான்ஸ்பார்மர் செம்பு விலைக்குப் போய்விடும்.

வீட்டுக் கூடமான பட்டாலையில் சுவரை ஒட்டி, தேக்கு அலமாரிக்குள் அது இருந்தது. இங்கிலாந்தில் செய்த ஸ்டீரியோ பவர் ஆம்ப். ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு ஈஎல்84 நான்கு, அதற்கு முந்தைய சின்ன வால்வு ஈசிசி83 மூன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஒரு ஜிஇசட்34. பக்கத்தில் அதற்கான ப்ரீ-ஆம்ப், ஒரு காரார்டு டர்ன்டேபிள், பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள். பாடாமல் கிடந்த செட் இல்லை அது. ஒரு பக்கம் லேசாக ஹம் அடித்தாலும் நல்ல நாள் பெரிய நாளில் ஆச்சி அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

காரைக்குடிக்கும் தட்டுகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. ஏ.வி. மெய்யப்பன் சினிமா எடுக்க வருவதற்கு முன்பே அவர் அப்பா இங்கே நடத்திய கடையில் கிராமபோன் தட்டு விற்றார்கள். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று போய் வந்த வீடுகளில் மங்குச் சாமானும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த வழியிலேயே இந்தப் பாட்டுப் பெட்டிகளும் வந்தன. எனக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் இப்படிக் கப்பலேறி வந்தவைதான்.

மூடியைத் திறந்ததும்

பழைய செட் கைக்கு வந்தவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். முதலில் அடிப்பலகையைக் கழற்றி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர் ஒன்றுகூடச் சார்ஜோடு இல்லை என்று மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். 300 வோல்ட் டிசி என்பது விளையாட்டுச் சமாசாரம் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை இரண்டு பக்கமும் நன்றாக இன்சுலேட் செய்த வயரில் கட்டி வைத்திருக்கிறேன். அதைப் பிடித்து டிஸ்சார்ஜ் செய்து, மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போகும். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். இதில் மட்டும் எனக்குச் சமரசமே கிடையாது. வால்வு செட் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் சத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

ஆச்சி வீட்டு செட்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கும் செட்டின் உலோகச் சட்டமான சேசிக்கும் நடுவில், விரல் நுழையாத இடுக்கில், செம்மண் குழலாக மூன்று அறை. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். பேப்பர் கண்டன்சர்களின் மெழுகு வழிந்து, பக்கத்து ரெசிஸ்டன்ஸ்களின் மேல் மஞ்சளாக உறைந்திருந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மூடிய அலமாரிக்குள், வால்வுச் சூட்டோடு அது உருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெழுகு வழிந்த கண்டன்சருக்குள் ஈரம் இறங்கும். ஈரம் இறங்கினால் டிசி கசியும்.

சீரீஸ் பல்பு வைத்து, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல ஏற்றினேன். பழைய 60 வாட் குண்டு பல்புகளை இதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறேன், எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். இது மங்கியது. சரி, டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. ஸ்பீக்கருக்குப் பதில் 15 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை மாட்டியிருந்தேன். லோடு இல்லாமல் வால்வு ஆம்பில் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் உள்ளுக்குள்ளேயே பொரிந்து போக வாய்ப்புண்டு. அப்புறம் அந்த டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது?

அளந்ததில் கதை தெளிவாகத் தெரிந்தது. ஊர் கரண்டுக்கு ஏற்ப மாற்றி வைக்கும் பின்பக்க வோல்டேஜ் டேப் 220-ல் இருந்தது. எங்கள் பக்கம் இரவு பதினொரு மணிக்கு மேல், பம்ப்செட்டெல்லாம் நின்ற பிறகு, 250 வோல்ட் சாதாரணமாக வரும். அந்தக் கணக்கில் 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு 7.1-க்கு மேல் போயிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் இடது சேனலில் இருந்தது. ஈஎல்84-இன் கிரிட்டில், அதாவது சிக்னல் நுழையும் முனையில், டிசி இருக்கவே கூடாது. ஒரு வால்வில் 0.4 வோல்ட், ஜோடி வால்வில் 5.7. முந்தைய ஸ்டேஜின் பிளேட்டில் (சிக்னல் வெளியேறும் முனை) உள்ள 250 வோல்ட், சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டன்சர் வழியாகக் கிரிட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. கசிவு ரெசிஸ்டன்ஸ் 20 மெகா ஓம் இருந்தால்கூட இவ்வளவு வந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் அந்தக் கண்டன்சர் நல்லது என்றே காட்டும், அதுதான் ஆபத்து. கிரிட் பாசிட்டிவ் பக்கம் ஏறினால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். பிளேட்டில் 12 வாட் வரை தாங்கக்கூடிய ஈஎல்84, 14 வாட்டுக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தபோது பிளேட்டின் ஓரத்தில் மங்கலாக ஒரு செந்நிறம். வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்துக் கோணலை அடக்குவதுதான் ஃபீட்பேக். அந்த ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸும் வயதாகி மதிப்பு ஏறியிருந்தது. கார்பன் ரெசிஸ்டன்ஸ்களின் இயல்பு அது.

எதைத் தொடுவது, எதை விடுவது

இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு கட்சி. பெங்களூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் பழைய ஆம்பை எடுத்தால் டிரான்ஸ்பார்மர்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகக் கட்டிவிடுவார். ஃபீட்பேக்கைக் கழற்றுவார், ரெக்டிஃபயர் வால்வை எடுத்துவிட்டு டயோடு வைப்பார், ஃபில்டர் கண்டன்சரை நாலு மடங்கு ஆக்குவார். அவர் கைவேலை சுத்தமானது, சத்தமும் மோசமில்லை. ஆனால் எனக்கு ஒப்புவதில்லை. ஜிஇசட்34-க்குப் பின்னால் வரும் முதல் கண்டன்சர் 60 மைக்ரோ ஃபேரடுக்கு மேல் போகக் கூடாது என்று அந்த வால்வைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கண்டன்சரை நிரப்பப் பாயும் கரண்ட் வால்வின் உயிரைக் குடிக்கும். டயோடு வைத்தாலோ வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜான ஹெச்.டி. பல வோல்ட் எகிறும். மற்ற வால்வுகள் சூடாகிக் கரண்ட் இழுக்கத் தொடங்கும் முன்பே முழு வோல்டேஜும் பழைய கண்டன்சர்களின் தலையில் இறங்கும். ஒன்றை மாற்றினால் அதன் இரு பக்கமும் இருப்பவை வலிய மாறுகின்றன. டிரான்ஸ்பார்மர், ஃபீட்பேக், வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று வைக்கும் பயாஸ் மூன்றையும் ஒரே மனிதர் ஒரே தாளில் சேர்த்து யோசித்துப் போட்ட கணக்கு அது.

அதனால் நான் வைத்திருக்கும் எல்லை எளிமையானது. செட்டைக் கொல்லும் பாகத்தை மாற்றுவேன், வடிவமைத்தவர் எடுத்த முடிவை மாற்ற மாட்டேன். சேசியில் புதிதாக ஒரு துளைகூடப் போடமாட்டேன். கப்ளிங் கண்டன்சர்கள் எல்லாம் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் வகைக்கு மாறும், மதிப்பு அதேதான். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் அலுமினியக் குவளை மேலே அழகுக்கு அப்படியே நிற்கும், 105 டிகிரி தாங்கும் புதியவை கீழே ஒளிந்துகொள்ளும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை வோல்டேஜை மெல்ல ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பது உண்மைதான். உள்ளே அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் இன்சுலேஷன். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெலியும். வோல்டேஜைப் பைய ஏற்றினால் மறுபடி வளரும். முழுக்க மின்வேதியியல் சங்கதி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-ல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஆனால் அறுபது வயதான கண்டன்சரில் படலம் வளர்ந்தாலும் உள்ளே திரவம் வற்றியிருக்கும். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒரு வயதான அம்மா ஸ்விட்ச் போடப்போகிற செட்டில் அதை விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

ஆச்சி செட்டில் இவ்வளவும் செய்தேன். டேப்பை 240-க்கு மாற்றினேன். வீட்டின் பழைய மரச்சட்ட வயரிங்கில் எர்த்தே இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்துப் பட்டாலைக்கு மட்டும் தனி எர்த் இழுத்துக் கொடுத்தோம். நான்கு ஈஎல்84-இல் கொதித்துக்கொண்டிருந்தது மட்டும் களைத்துப் போயிருந்தது. அதற்குப் பதில் என்னிடம் இருந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு ஒன்று பொருந்தியது. மேசையில் அளந்தபோது இரண்டு சேனலும் ஒன்றுக்கொன்று ஒட்டிப் போயின. ஹம் இல்லை. எனக்குத் திருப்தி என்றால் அப்படியொரு திருப்தி.

"நம்ம செட்டு இல்லையே தம்பி"

கொண்டுபோய் மாட்டி, ஆச்சி எடுத்துக் கொடுத்த நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தட்டைப் போட்டேன். செட்டிநாட்டுக் கல்யாணங்களில் நாகஸ்வரத்துக்கு இருந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தட்டு ஆச்சிக்கு மனப்பாடம். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. "நல்லாத்தான் பாடுது. சுத்தமா இருக்கு. ஆனா நம்ம செட்டு இல்லையே தம்பி. அது இன்னும் கொஞ்சம்... நிறைஞ்சு கேக்கும்."

இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதில்லை. "ரெண்டு நாள் கேட்டா பழகிடும் ஆச்சி" என்று சொல்லிவிட்டு வரத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தில் குறை சொல்லும் பாவனையே இல்லை. சாம்பாரில் பெருங்காயம் விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி, இருந்த ஒன்று இல்லை என்று வெறும் தகவலாகச் சொன்னார். அந்த நிதானம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆளைப் பிரிந்த ஏக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்தான். பேரனும் அப்படித்தான் சொன்னார்: "அய்யா இல்லாத வீட்டுல எதுவும் அப்படித்தாண்ணே கேக்கும்." எனக்கு அது போதவில்லை. காதுக்குப் பட்டது என்றால் மீட்டருக்கும் படவேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களை நான் தூக்கிப் போடுவதில்லை, உறையில் போட்டு வைத்திருப்பேன். செட்டைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து, இடது சேனலில் மட்டும் அந்தக் கசிந்த கண்டன்சரையும் மதிப்பு ஏறிய ஃபீட்பேக் ரெசிஸ்டன்ஸையும் கிளிப் வயரில் தற்காலிகமாக மாட்டினேன். பழைய வால்வும் அதன் இடத்துக்குப் போனது. 1000 ஹெர்ட்ஸ் சுத்த ஸ்வரம் ஒன்றைக் கொடுத்து, வெளியே வருவதை லேப்டாப்பில் அலசிப் பார்த்தேன். வலது சேனலில் 1000-த்தில் ஒரு கோடு, மற்றவை எல்லாம் தரையோடு தரை. இடது சேனலும் முதலில் அப்படித்தான் காட்டியது. செட் சூடேறச் சூடேறக் கண்டன்சரின் கசிவு கூடியது. அதோடு சேர்ந்து 2000 ஹெர்ட்ஸில் ஒரு கோடு முளைத்து மெல்ல எழுந்தது. அரைமணி நேரத்தில் வலது சேனலைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போய் நின்றது. 3000-த்தில் பெரிய மாற்றமில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆச்சி சொன்னது அந்த 2000 ஹெர்ட்ஸ் கோடு.

விஷயம் இதுதான். இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் சர்க்யூட்டில், ஒவ்வொரு வால்வும் தன்னளவில் உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (மூல ஸ்வரத்தைப் போல இரண்டு, நான்கு மடங்கில் முளைப்பவை) டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இரண்டும் சமமாக இருக்கும்வரைதான் அது நடக்கும். ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் இரண்டாம் ஹார்மோனிக் தப்பித்து வெளியே வரும். ஃபீட்பேக்கும் இளைத்திருந்ததால் அதை அடக்க ஆளில்லை. சரி, இரண்டாம் ஹார்மோனிக் என்றால் என்ன? சரியாக இரண்டு மடங்கு. வாசிப்பவர் சட்ஜத்தில் நின்றால், கூடவே மேல் ஸ்தாயி சட்ஜம் ஒன்று மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கும். எந்த ஸ்வரத்தில் நின்றாலும் அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. காதுக்கு அது அபஸ்வரமாகப் படவே படாது, நாதம் பருத்த மாதிரித்தான் படும். ஆச்சி 'நிறைஞ்சு' என்றாரே, அதைவிடத் துல்லியமாக அதைச் சொல்ல முடியாது. அவர் வீட்டு நாகஸ்வரத்தோடு பல வருடங்களாக ஒரு மேல் சட்ஜமும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நான் பாலிபுரோப்பிலீன் வைத்து நிறுத்தியிருந்தேன்.

அதே தட்டை இரண்டு சேனலிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நாகஸ்வரம் தனியாக நீண்டு நிற்கும் இடங்களில் பழைய பாகங்கள் மாட்டிய பக்கம் உண்மையாகவே அழகாக இருந்தது. சீவாளியின் கூர்மை மழுங்கி, நாதத்துக்கு ஒரு உடம்பு வந்திருந்தது. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தவில் சேர்ந்ததும் கதை மாறியது. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வந்தால் அதே கோணல், அவற்றின் கூட்டலையும் கழித்தலையும்கூடப் புதிய ஸ்வரங்களாக உண்டாக்கும். 300-உம் 400-உம் சேர்ந்தால் 100-உம் 700-உம் தானாக முளைக்கும். அவற்றுக்கும் ராகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தவிலின் தொப்பிப் பக்கத்துச் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் குழைந்துபோனது. கொதிக்கும் வால்வின் கூடுதல் டிசி அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கிவிடுவதால், அடி ஸ்வரங்களைத் தாங்கும் சக்தியும் அதற்குக் குறைந்துவிடுகிறது. வலது பக்கம் தவில்காரரின் விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

பெட்டிக்கு வெளியே

கசிந்த கண்டன்சரைத் திரும்ப வைக்கும் பேச்சே இல்லை. ஒருநாள் அது முழுசாக ஷார்ட் ஆகும். வால்வு போகும், போகும்போது டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஆனால் ஆச்சி கேட்டது நிஜமான ஒன்று என்று தெரிந்த பிறகு, "பழகிடும்" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த செட் யாருக்காகப் பாடுகிறது? என் லேப்டாப்புக்காக இல்லையே.

செட்டுக்குள் கைவைக்காமல் வெளியே ஒரு சின்னப் பெட்டி செய்தேன். ப்ரீ-ஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் நிற்பது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (எளிய மூன்று முனை வால்வு) கொண்ட ஈசிசி82 ஒன்றே ஒன்று, சேனலுக்கு ஒரு பாதி, ஃபீட்பேக் கிடையாது, ஹெச்.டி. வேண்டுமென்றே குறைவாக 120 வோல்ட். தனி ஒற்றை ட்ரையோடு செய்யும் கோணல் பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக்தான். எதிரே ஜோடி இல்லாததால் அதை அடித்து மறைக்கவும் ஆளில்லை. ஒரே ஒரு அவுட்புட் வால்வு வைத்த பழைய ரேடியோக்கள் எல்லாம் 'இதமாக'க் கேட்டதற்கும் இது ஒரு காரணம். பெருகி வந்த சிக்னலை ரெசிஸ்டன்ஸ் வைத்து மறுபடி பழைய அளவுக்கே குறைத்துவிட்டேன். முன்பக்கம் ஒரு ஸ்விட்ச், பெட்டியைச் சுற்றிப் போக. சிக்னல் பெட்டி வழியாகப் போகும்போது மேல் சட்ஜம் உண்டு, சுற்றிப் போனால் இல்லை. நாளைக்கு யாராவது வேண்டாம் என்றால் இரண்டு வயரைக் கழற்றினால் போதும், 1960-களில் எப்படி இருந்ததோ அப்படியே செட் நிற்கும்.

ஆச்சி கேட்டுவிட்டு, "ம், கிட்டத்துல வந்திருச்சு" என்றார். முழுசாக வந்துவிட்டது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒருமுறை போனபோது, நாகஸ்வரத்துக்கு மட்டும் பெட்டியைப் போட்டுக்கொள்வதாகவும், வீணைத் தட்டு கேட்கும்போது அணைத்துவிடுவதாகவும் சொன்னார். "வீணைக்கு அது வேண்டாம் தம்பி, கம்பி மேல விரல் போறது தெரியணும்." இத்தனை வருடம் சர்க்யூட்டோடு இருக்கும் எனக்கு இப்படிப் பிரித்துக் கேட்கத் தோன்றியதே இல்லை.

வால்வு ஆம்ப் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற என் கட்சி மாறவில்லை. வேலையில் மட்டும் ஒன்று மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் ஓடும் நிலையில் செட் வந்தால், ஆபத்தில்லை என்று தெரிந்தபின், எதையும் கழற்றும் முன் அதன் சத்தத்தை அப்படியே பதிவு செய்து அளந்து வைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் அளவுகள் எழுதிய தாளும் கழற்றிய பாகங்களும் ஒரு உறையில் போய்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஓடாத செட் என்றால், வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்கிறேன்: எப்படிக் கேட்கும், எந்தத் தட்டு போடுவீர்கள், எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள்.

இந்த வாரம் மேசையில் இருப்பது தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு மோனோ ஆம்ப். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டே பிரிக்கிறார். பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி செட்டில் டோன் கண்ட்ரோல் ஸ்டேஜைத் தூக்கிவிட்டு நேராக சிக்னல் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவருக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது: "ட்ரெபிள் குமிழ் எப்பவும் இடது பக்கம் முழுசாத் திருகியே இருக்கும்ண்ணே. யாராவது தொட்டா அய்யா சத்தம் போடுவாக." டோன் ஸ்டேஜ் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதிலுள்ள கண்டன்சர்களை ஒவ்வொன்றாக அளந்து, அதே மதிப்பில் புதிது வாங்கப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.